அக்காவுக்கு நோய், எனக்குக் குணம்

டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

நோயாளியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே, இவள் என்ன ஜென்மம் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். ஆனால் அம்மாவுக்கு ஒரே பெண்தான். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் வீடே கிசுகிசுவென்று பேசும். தூக்கமில்லாமல் அலமாரியைக் கலைத்து, கடை கடையாய் ஏறி இறங்கினால் அம்மாவும் கூடவே ஓடுவாள். நான் ஓடினால்? பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து கேஸ் அடுப்பை மூடினேனா என்று குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். பாதி வழியில் மறுபடி சந்தேகம், மறுபடி ஓட்டம். "செக்கிங் வந்தாச்சு" என்பாள் அம்மா. ரெடிமேட் கம்பெனியில் என் வேலையும் செக்கிங்தான், பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கேயும் பார்த்த சட்டையையே பார்ப்பேன். பட்டன் இருக்கிறது என்று கண் சொல்லும், மனசு கேட்காது. "போட்டுக்கப் போறவனே இவ்ளோ பாக்க மாட்டாம்மா" என்று கேலி செய்த சூப்பர்வைசர் நேற்று சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையும் இதே வேகம்னா, வராத."

அக்காவுக்கு வந்தால் நோய். எனக்கு வந்தால் குணம்.

"வீட்ல இருக்கறவங்களுக்கும் புரியணும்" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. மனநோய் ஒன்றல்லவாம், பல வகையாம். எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் அமுக்கும் மனச்சோர்வு. அந்தச் சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோய், அக்காவுக்கு அதுதான். இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவு. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும் பதற்ற நோய். அம்மா வகுப்பில் உட்கார்ந்தவள்போல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு, ஓசிடி. வேண்டாத நெனப்பு ஒண்ணு விடாம வரும். சரிபாத்தாதான் அடங்கும். அடுத்த நிமிஷம் திரும்ப வரும். அர்த்தமில்லன்னு அவங்களுக்கே தெரியும், நிறுத்த முடியாது."

என் காது சூடானது. அம்மா களுக்கென்று சிரித்தாள்.

"நம்ம செக்கிங் மாதிரி. இவளுக்கு என்ன டாக்டர், கல்லுக்குண்டாட்டம் இருக்கா. பெரியவளுக்கு மாத்திரை எப்பப்ப குடுக்கணும்?"

சொல்லிவிடலாமா?

அக்கா சட்டென்று எழுந்தாள். "தலை சுத்துதும்மா. வெளிய போலாம்."

"ஐயோ, என்னடி பண்ணுது?" அம்மா பதறிக்கொண்டு கதவைத் திறக்க ஓடினாள். அக்கா என் தோளைப் பிடித்து, தான் எழுந்த நாற்காலியில் என்னை அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் காதருகில். "நீ சொல்லுடி. தினமும் பாத்துட்டுதான் இருக்கேன்."

அவளும் வெளியே போக, கதவு மூடியது. இந்த நாற்காலியையும் இவள்தான் தர வேண்டுமா?

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டரம்மா.

வாயைத் திறந்தேன். கதவின் மங்கலான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று இன்னொன்றின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது.