சித்தப்பா பின்வாங்கினாரா?

1

இந்தக் கதை சித்தியின் சந்தேகத்திலிருந்து வந்தது. என் கற்பனையிலிருந்து அல்ல. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

முதல் தொடக்கம்: "காதல் என்பது இரண்டு பாதிகள் சேர்ந்து..." (சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: சித்தப்பா தங்கள் கல்யாண கேசட்டைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிவிழா விருந்தில் போட்டுக்காட்ட வேண்டும். ஓட்டிப் பார்த்தோம். நின்றவர்கள் நன்றாக இருந்தார்கள். நடந்தவர்கள் மட்டும் உதறினார்கள். சித்தப்பா மேடையில் சித்தியை நோக்கி வருகிறார்: முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு.

"பாத்தியா?" என்றார் சித்தி என்னிடம். "அப்பவே இந்த மனுஷனுக்கு இஷ்டமில்ல."

"மெஷின் கோளாறுடி. உங்கண்ணனும்தான் உதறுறாரு."

"எங்கண்ணன் சாப்பிட ஓடுறாரு. உங்களுக்கென்ன? நீங்க பின்வாங்குனது நெஜம்னா ஞாயித்துக்கெழம விருந்து கெடையாது. வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

2

அறிவியல் படித்தவள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. நான் படித்தது தாவரவியல். எங்கள் வீட்டில் சுவிட்ச் உள்ளதெல்லாம் அறிவியல்.

(இங்கே கொஞ்சம் பாடம். வேண்டாதவர்கள் மூன்றுக்குப் போகலாம், சித்தி போய்விட்டார்.)

பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படம். திரையின் ஒற்றைப்படை வரிகளில் ஒரு கணம், இரட்டைப்படை வரிகளில் இன்னொரு கணம். எது முந்தியது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பிந்திய கணம் முதலில் வந்து நிற்கும். அசையாதவர்களுக்குக் கவலையில்லை, நகர்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். (இதை வைத்துச் சமூகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.)

முதலில் இரண்டு அரைப்படங்களையும் கலந்துவிட்டேன். உதறல் நின்றது. ஆனால் நடந்த எல்லோருக்கும் மங்கலாக ஓர் இரட்டை.

"ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்றார் சித்தி.

பிறகுதான் கவனித்தேன். கடைக்காரர் கொடுத்த மூலக்கோப்பில் 'ஒற்றை வரி முதலில்' என்று இருந்தது. 'இரட்டை வரி முதலில்' என்று மாற்றினேன். சித்தப்பாவின் காதில் மட்டும், மெஷின்தான் காரணம் என்றேன். அவர் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

3

(சித்தப்பாவை நல்லவராக எழுதுவதா, பாவமாக எழுதுவதா? இன்னும் தெரியவில்லை.)

நானும் அவரும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். சித்தியின் அண்ணன் வெண்ணெய் மாதிரி ஓடினார். உதறல் எங்கும் இல்லை. சித்தப்பா மேடையில் வந்தார். சித்தியின் அருகில் வந்ததும், வழுவழுவென்று, ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"இதுவும் மெஷினாம்மா?"

"இல்ல சித்தப்பா."

அவர் படத்தை அங்கேயே நிறுத்தினார். பிறகு, "கீழ வீடியோக்காரன் லைட்டு ஒயர் கெடந்துது. தடுக்கிடக் கூடாதேன்னு..."

படத்தில் எல்லோரும் முழங்கால் வரைதான் இருக்கிறார்கள். தரை தெரியவில்லை.

முடிவு அ: சித்தி பார்த்துச் சிரித்துவிடுகிறார். (சித்தியைத் தெரியாதவர்களுக்கான முடிவு.)

முடிவு ஆ: உதறும் பழைய படத்தையே விருந்தில் ஓட்டிவிட்டு, எல்லோரும் சேர்ந்து கடைக்காரரைத் திட்டுகிறோம்.

முடிவு இ: எழுதுகிறவள் நான். மேடையில் ஓர் ஒயரைப் போட ஒரு வரி போதும். ஆனால் அப்படிப் போட்டால்...

"என்னடி, சரி பண்ணிட்டியா?"

சித்தி வந்துவிட்டார். சித்தப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இனி நீங்கள்தான். அங்கே ஒயர் கிடந்ததா, இல்லையா? சீக்கிரம் சொல்லுங்கள். சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுவிட்டார்.