உள்ளறை ரிசீவரின் பெயர்

பெயர் வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று லேபிளுக்கு நினைப்பு. கிடங்கில் அலமாரிகளுக்குச் சீட்டு ஒட்டுவது அவன் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர் அது. வீட்டிலும் உப்பு டப்பாவிலிருந்து ஸ்விட்ச் வரை அவன் சீட்டு ஒட்டாத பொருள் கிடையாது. எப்போதும் தப்பான ஸ்விட்சைத் தட்டுகிறவனும் அவன்தான் என்பது வேறு விஷயம்.

மனைவியை இழந்து தனியாக இருந்த மாமனாரைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மனிதர் இன்னும் சூட்கேசைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

"அப்பா ரோஷக்காரர். ஒரு வார்த்தை தப்பா விழுந்தாலும் கிளம்பிடுவார். அந்தக் காலி வீட்டுல போய்த் தனியா உட்காருவார். நாக்கை அடக்கி வைங்க," என்று மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நாக்கை அடக்கினான். கை சும்மா இருந்தால்தானே?

மாமனாரின் அறையில் தனியாக ஒரு டிவி, ஒரு சாட்டிலைட் ரிசீவர். ஹாலில் இருந்த ரிசீவரும் இதுவும் வீட்டு வைஃபையில்தான் இருந்தன. ஆனால் லேபிளின் ஃபோனில் இரண்டுக்கும் ஒரே பெயர், வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக. ஒருநாள் மத்தியானம் ஹாலில் சாய்ந்துகொண்டு ஃபோனிலிருந்து ஒரு சண்டைப் படத்தை டிவிக்கு அனுப்பினான். டிவி கம்மென்று கிடந்தது. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். உள்ளறையில் குண்டு வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த மாமனார் போர்வையோடு வெளியே ஓடி வந்தார்.

வந்தவர் திட்டவில்லை. முறைத்தார், திரும்பிப் போனார். லேபிள் அன்றே ஃபோனைக் குடைந்து, பெயர் மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்தான். ஹால் ரிசீவருக்கு 'ஹால்' என்று வைத்தான். உள்ளறை ரிசீவருக்கு 'சிடுமூஞ்சி'. தன் ஃபோனில் தனக்கு மட்டும்தானே தெரியும்? தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான். வேறு யாரும் சிரித்து அவனுக்குப் பழக்கமில்லை.

நாலைந்து நாள் கழித்து லேபிள் மாத்திரையும் தண்ணீருமாக உள்ளே போனபோது மாமனார் டிவியைப் போட்டார். திரை நீலமாக விரிந்தது. நடுவில், கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக வந்தது: 'சிடுமூஞ்சி தயார்.'

லேபிள் அதை இரண்டு தடவை படித்தான். அப்படியானால் இத்தனை நாளும் டிவியைப் போடும்போதெல்லாம்! மாமனாரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்றைக்கு என்ன தெரிந்தது, இன்றைக்குத் தெரிய? தண்ணீரை வைக்கவும் மறந்து, டம்ளரோடு குளியலறைக்கு ஓடித் தாழ்போட்டுக்கொண்டு, 'மரியாதைக்குரிய மாமா' என்று மாற்றினான்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் ஹாலுக்கு வந்தார். லேபிள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தான். சூட்கேஸ் இல்லை, ரிமோட்தான்.

"மாப்பிள்ளை, அந்தப் பேரை ஏன் மாத்தினீங்க?"

"எந்தப் பேரு?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

லேபிள் மென்று விழுங்கினான். "அது வந்து... ரிசீவர்... சும்மா விளையாட்டுக்கு..."

"என்ன பேருன்னு கேட்டேன்."

"சிடுமூஞ்சி," என்றார் மாமனார்.

லேபிள் தலையைக் குனிந்துகொண்டு இடி விழக் காத்திருந்தான். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மனைவி துணியை மடியில் போட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா கூப்பிடுறது," என்றாள்.

"காப்பி கொடுக்கும்போதுகூட அப்படித்தான்," என்றார் அவர். "அவ போனப்புறம் யாரு என்னை அப்படிக் கூப்பிடுறாங்க? எல்லாருக்கும் ஐயா, மாமா. இங்க டிவியைப் போட்டா அந்தப் பேரு வந்துச்சு. அதுக்காகவே போட்டுப் போட்டு அணைச்சேன். இப்ப யாரோ மரியாதைக்குரியவர் வர்றார். பழசையே வைங்க."

நல்ல காரியம் செய்தோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் லேபிளுக்கு வழியில்லை. என்ன மனசோடு அந்தப் பெயரை வைத்தான் என்பது அவனுக்குத் தெரியுமே. பழைய பெயரையே திரும்ப வைத்தான்.

"ஹால் ரிசீவருக்கு என்ன பேரு?"

"ஹால்தான், மாமா."

"அது ஒரு பேரா? உங்களுக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க, கூப்பிட ஆள் பக்கத்துல இருக்கும்போதே."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். கொஞ்சமாவது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தான். யோசிக்கவே இல்லை. ஹால் டிவியைப் போட்டதும் திரை நடுவே பெரிதாக வந்தது: 'அசடு தயார்.'

லேபிள் டிவியை அணைத்துவிட்டு, மறுபடியும் போட்டுப் பார்த்தான்.