நூற்றுக்கு நால்வர்

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு செஃபெரினா ஓஹேடா மேசையை விரித்து, பச்சிலைக் கட்டுகளை அடுக்கி, மர உரலைத் துடைத்து நடுவில் வைத்தாள். அதன் பிறகுதான் பல்கலைக்கழக வாசல் கம்பியில் ஒட்டியிருந்த தாள் அவள் கண்ணில் பட்டது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'முந்நூறு மாணவர்களிடம் நடத்திய ஆய்வின்படி, நூற்றுக்கு நால்வர் மட்டுமே மூலிகைகளைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே வாசலில் இவ்விற்பனை தேவையற்றது. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யவும்.'

இன்னொரு தடவை படித்தாள். காலி செய்யச் சொன்னதற்குக் கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இடம் பல்கலைக்கழகத்தினுடையது. இருக்கச் சொன்னவர்கள் எழுந்திருக்கவும் சொல்லலாம். ஆனால் நால்வரா? பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனில் வெயில் காலத்தில் கூஜா இல்லாமல் வகுப்புக்குப் போகும் மாணவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் நிறைந்த கூஜாவை அவள் முன்னால் நீட்டுவார்கள். வயிறு மந்தம் என்றால் பூரிட்டோ இலை, சிறுநீர் எரிந்தால் குதிரைவால் பூண்டு, பரீட்சைப் பயம் என்றால் பாஷன் பழக்கொடியின் இலை. கேட்டு, இடித்து, தண்ணீரில் போட்டுக் கொடுப்பாள். வகுப்பில் அந்தத் தண்ணீரை யெர்பா என்னும் தேயிலை போன்ற இலைத் தூளின் மேல் ஊற்றி, ஒரே உறிஞ்சு குழலில் ஆளுக்கு ஒரு வாயாகச் சுற்றிக் குடிப்பார்கள். அதுதான் தெரெரே. முப்பத்தொரு வருடமாக அவளும், அதற்கு முன்னால் அவள் தாயும் இடித்துப் போட்டது இந்த வாசலில்தான். 'ஞா' என்ற மரியாதை அடைமொழி இல்லாமல் அங்கே யாரும் அவளைக் கூப்பிட்டது கிடையாது. அந்தக் குடும்பத்தின் வேலையை எவனோ ஒரு காகிதத்தில் இல்லை என்று எழுதிவிட்டான்.

முதலில் வந்தவன் அனிபால், வேளாண்மை மூன்றாம் வருடம். நெட்டையன்.

"ஞா செஃபெரினா, வயிறு சரியில்ல. நேத்து மாமா வீட்ல கறி சுட்டாங்க. பூரிட்டோவ கொஞ்சம் கூடவே போட்டு இடிங்க."

அவள் உரலின் மேல் கையைக் கட்டிக்கொண்டாள். "போன மாசம் வகுப்புல ஒரு தாள் குடுத்தாங்களாமே. அதுல என்ன எழுதின?"

"எந்தத் தாளு?"

"இலை தழை குடிக்கிறியான்னு கேட்ட தாளு."

அனிபால் வானத்தைப் பார்த்தான். "அதுவா? ஆமான்னுதான் எழுதினேன்."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தி... எங்கம்மாவ எதுக்கு இதுல இழுக்கணும்? சும்மாவே நம்புங்களேன்."

எட்டு மணிக்குள் வரிசை தெரு முனை வரை நீண்டுவிட்டது. ஒருத்தர் விடாமல் ஆமாம் என்றுதான் எழுதியதாகச் சொன்னார்கள்.

செஃபெரினா எழுந்து நின்றாள். "முந்நூறு பேர எழுதச் சொன்னாங்க. ஆமான்னு எழுதினவங்க பன்னெண்டு பேர். இங்க காலையிலேருந்து நாப்பது பேர் சத்தியம் பண்ணியாச்சு. மிச்ச இருபத்தெட்டு பேரும் யாருடா? இல்லைன்னு எழுதினவங்களுக்கு இன்னிக்கு இங்க ஒண்ணும் இல்ல. பொய் சொன்னவங்களுக்கும் இல்ல. போங்க, வெறும் தண்ணியக் குடிங்க."

"ஞா, பத்து மணிக்குப் பரீட்சை!" என்று ஒரு பெண் கெஞ்சினாள்.

"அந்தத் தாள எழுதின மாதிரியே இதையும் எழுதிட்டு வா, போ."

மத்தியானம் அவள் மகள் டெல்பீனா வெள்ளைச் சீருடையில் வேகமாக வந்தாள். நர்சிங் நான்காம் வருடம். "என்னம்மா இது? உள்ள எல்லாரும் என்னத்தான் பிடிச்சுத் திட்டறாங்க."

"நீ என்ன எழுதின?"

டெல்பீனாவுக்கு வீட்டில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்லைன்னு."

செஃபெரினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முழுசாக் கேளும்மா. அந்தத் தாள் வெளிநாட்டுலேருந்து வந்தது. அஞ்சு நாட்டுப் பிள்ளைங்களுக்கும் ஒரே தாள். சீனாக்காரங்க ஊசி, இந்தியாக்காரங்க எண்ணெய், யோகான்னு என்னென்னமோ கேட்டிருந்தாங்க. கடைசியில மூலிகை, அத யார்கிட்ட வாங்கறீங்கன்னு ஒரு கேள்வி. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஆமான்னு போட்டா உன் பேர எழுதணும். எழுதினா சுகாதாரத் துறை வந்து லைசென்ஸ் எங்கேன்னு நிக்கும். அதான் இடைவேளையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். இல்லைன்னே போடுங்க, அம்மாவுக்குத் தொந்தரவு வேணாம்னு."

"யாரு சொன்னது?"

"நான்தான். மத்த வகுப்புக்கும் நான்தான் ஆள் அனுப்பினேன். உன்னக் காப்பாத்தத்தாம்மா."

"என்னக் காப்பாத்துன்னு உன்கிட்ட நான் மனு குடுத்தேனா?" செஃபெரினாவின் குரல் உயரவில்லை. அது உயராதபோதுதான் டெல்பீனாவுக்குப் பயம். "சர்வாதிகாரி காலத்துல எங்கம்மா இதே இடத்துல இடிச்சா. போலீஸ்காரன் வந்து பேர் கேட்டான். முழுப் பேரையும் சொன்னா. ஒளிஞ்சு இடிச்ச வம்சம் இல்லடி இது. என்ன இல்லாதவளா ஆக்கித்தான் காப்பாத்துவியா?"

டெல்பீனா தலை குனிந்து கூஜாவை நீட்டினாள்.

"உனக்கும் கிடையாது."

செவ்வாய்க்கிழமை செஃபெரினா கோவிலுக்கு உடுத்தும் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, ஆய்வு நடத்திய டாக்டர் வில்லாசாந்தியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லும் வரை நின்றாள். டாக்டரின் மேசை ஓரத்தில் ஒரு கூஜா இருந்தது, எலுமிச்சைப்புல் வாசனையோடு. செஃபெரினா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தர் அறைக்குள் போய் அவரையே குத்திக் காட்டுவது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை.

"அம்மா, காலி பண்ணச் சொன்னது நான் இல்ல. நிர்வாகம் என் அறிக்கையிலேருந்து ஒரு வரிய எடுத்துக்கிட்டாங்க" என்றார் டாக்டர்.

"இடம் கேட்டு வரல டாக்டர். அந்த வரி பொய். அத எடுக்கணும்."

"எழுதினது பிள்ளைங்கதானே."

"பொய்தான் எழுதிச்சுங்க. சொல்லிக் குடுத்தது என் பொண்ணு. அதனாலதான் நானே வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பத்து வருடமாக மாணவர்கள் எதை ஒளிக்கிறார்கள் என்று எழுதி வருகிறவர். ஒளித்ததை ஒரு தாய் அறைக்குள் வந்து ஒப்படைப்பது அவருக்கும் புதிது. "அது பேரில்லாத தாள். இப்ப மாத்த முடியாது. பேரோட, கையெழுத்தோட மறுபடி எழுதிக் குடுத்தா அறிக்கைய நானே திரும்ப வாங்கிக்குவேன். ஆனா யார் குடுப்பாங்க? குடுத்தாலும் உங்க பேர் வெளிய வரும். அரசாங்கம் உங்க கதவத் தட்டும்."

"முதல்ல என் பேர எழுதிக்குங்க. செஃபெரினா ஓஹேடா. காலை அஞ்சரையிலேருந்து பகல் ஒரு மணி வரைக்கும். ஞாயித்துக்கிழமை கிடையாது."

புதன்கிழமை மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. பெயர், வகுப்பு, எதற்காக, யாரிடம், கையெழுத்து. "எழுதறவங்களுக்கு இடிப்பேன்" என்றாள். வரிசை நின்றது, பேனாவை மட்டும் யாரும் தொடவில்லை.

"ஞா, எங்க பேராசிரியர் பாத்தா என்ன நினைப்பாரு?" என்றான் அனிபால்.

"உன் வயித்த அவரா வந்து தடவிக் குடுக்கறாரு?"

சிரித்தார்கள். அப்போதும் யாரும் எழுதவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து டெல்பீனா முன்னால் வந்தாள். அடுத்த மாதம் அவள் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போக வேண்டியவள். முதல் ஆளாக இதில் பெயர் ஏறினால் அங்கே என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். செஃபெரினாவுக்கும் தெரியும். தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

டெல்பீனா குனிந்து எழுதினாள். தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டையும் சேர்த்து முழுப் பெயர். எதற்காக: பரீட்சைப் பதற்றம், மாதவிலக்கு வலி. யாரிடம்: என் தாய் செஃபெரினா ஓஹேடாவிடம். கீழே இடம் மிச்சமிருந்தது. அதில், 'முன்பு இல்லை என்று எழுதச் சொன்னவளும் நானே' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

செஃபெரினா அதைப் படித்துவிட்டு மகளின் கூஜாவை வாங்கி வைத்து, இலையை இடித்தாள். ஒரு பிடி இலை போடும் இடத்தில் இரண்டு பிடி போட்டாள்.

"சரி, குடுங்க பேனாவ. மாதவிலக்குன்னே ஒருத்தி எழுதிட்டா, எனக்கு வெறும் வயித்துப் போக்குதானே" என்றான் அனிபால்.

வியாழன் மாலைக்குள் இருநூற்று எண்பத்தேழு பெயர்கள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை காலை வாசல் கம்பியில் வேறொரு தாள் தொங்கியது. ஆய்வில் கண்ட எண்ணிக்கை தவறு, அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது என்று டாக்டர் வில்லாசாந்தி கையெழுத்திட்டிருந்தார். ஆனால் நிர்வாகம் தன் உத்தரவைத் திரும்பப் பெறவில்லை. அலுவலகத்து எவாரிஸ்தோ இரண்டு ஆட்களோடு வந்து கையைப் பிசைந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஞா. மேல சொல்லிட்டாங்க."

"உன் வேலைய நீ செய் எவாரிஸ்தோ. மேசைய ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கு, கால்ல போட்டுக்காத. உரலத் தொடாத. அத நான் எடுத்துக்குவேன்."

எதிர்ப்பக்கத்து நடைபாதை நகராட்சியினுடையது. உரலை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சாலையைக் கடந்தாள். வரிசை மொத்தமும் கூஜாக்களோடு பின்னாலேயே கடந்தது. நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒருவரும் நடையை எட்டிப் போடவில்லை.

அடுத்த வாரம் கைப்பையோடு சுகாதாரத் துறை அதிகாரி வந்தார்.

"செஃபெரினா ஓஹேடாங்கறது?"

"நான்தான்."

"நீங்க மூலிகை விக்கறதா எழுத்து மூலமாத் தகவல் வந்திருக்கு."

"விக்கறேன்."

அவர் மறுப்பை எதிர்பார்த்து வந்தவர். பேனாவைத் திறந்துவிட்டு எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றார். "லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல. எங்க போய் வாங்கணும்னு சொல்லுங்க, வாங்கறேன். எந்த இலைய வேணும்னாலும் எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பாருங்க. நான் இருக்கேன்னு எழுதிட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"கொஞ்சம் ஓரமா வாங்கம்மா. விவரமாப் பேசணும்."

செஃபெரினா உலக்கையை நிறுத்தவில்லை. "பேசலாம். உங்களுக்குப் பின்னாடி எத்தன பேர் நிக்கறாங்க பாத்தீங்களா? பரீட்சைக்குப் போற பிள்ளைங்க. வரிசையில வாங்க சார்."