விழுந்தவள் போடக் கூடாது

"இன்னும் டைட்டா சுத்துக்கா" என்றாள் வீணா. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டேடியத்துக் குளியலறையில், குழாய் இல்லாத ஒரு வாஷ்பேசினுக்குப் பக்கத்தில், மகா தங்கையின் வலது கையைத் தன் முட்டிமேல் வைத்து வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நடுவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. முந்தின நாள் ஆட்டத்தில் எவளோ ஒருத்தியின் முழங்கை பட்டு மடங்கிய விரல். ஆட்டம் முடிகிறவரை வீணா மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து இடது கையால் தோசையைப் பிய்த்தபோதுதான் மகாவுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

"மிஸ்கிட்ட சொல்லிடலாம்டி."

"சொன்னா பெஞ்ச்ல உக்கார வெச்சிடுவாங்க. மேல உமேஷ் சார் வந்து உக்காந்திருக்காரு. பெஞ்ச்ல இருக்கிறவள எவன்க்கா பாப்பான்?"

மகா டேப்பை இழுத்து இன்னொரு சுற்றுச் சுற்றினாள். உமேஷ் சார் ரயில்வே அணிக்கு ஆள் பார்க்க வந்திருப்பவர். கோல் எறிகிற ஷூட்டர் ஒருத்தி வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். வீணாவுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. அது முடிந்தால் விளையாட்டுக் கோட்டா கிடையாது. அப்புறம் தலைகீழாக நின்றாலும், அல்சூர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலைதான் அவளுக்கு நிரந்தரம். இந்த ஒரு ஆட்டம்தான் பாக்கி.

மகா கோல்கீப்பர். விரலைக் கட்டுவதில் அவளை மிஞ்ச கிளப்பில் ஆள் இல்லை. உள்ளங்கைப் பக்கம் நீளவாக்கில் இரண்டு பட்டை, அதன்மேல் குறுக்கே நெருக்கமாகச் சுற்று. மற்ற விரல்களுக்கும் ஒப்புக்கு ஒரு சுற்று, பார்க்கிறவர்கள் கண் ஒரே விரலில் நிற்காமல் இருக்க. தன் கையிலும் அதே மாதிரிதான் கட்டியிருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி கையோடு வெளியே வந்தார்கள்.

பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால் என்றால் ஊரில் பாதிப் பேர் வாலிபாலா என்பார்கள், மீதிப் பேர் த்ரோபாலா என்பார்கள். ஜோகுபாளையத்தில் மட்டும் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் பவுலின் மிஸ் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டுப் பெண்களை நிறுத்தியபோது தெருவே கைகொட்டிச் சிரித்தது. பொம்பளைப் பிள்ளைகளை ஆடவிட்டு வேடிக்கை பார்க்கிறது பார் என்றது. இன்றைக்கு அதே தெருவில் ஒருத்தி டிக்கெட் பரிசோதகர், ஒருத்தி போலீஸ், ஒருத்தி ஹூப்பள்ளியில் வங்கி வேலை. அலமாரி கொள்ளாத கோப்பைகள், அதிலும் கடைசி ஒன்பது வருடம் தொடர்ந்து மாநிலக் கோப்பை. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சிமெண்ட் தரையில் முட்டி தேயாத பெண் ஒருத்தி அந்தத் தெருவில் இல்லை.

கிளப்புக்கென்று ஆபீஸ் கிடையாது, அலமாரி கிடையாது. அதனால் கோப்பைகள் ஆட்டக்காரிகளின் வீடுகளில் தங்கும். வேலை கிடைத்துப் போகிறவள் தன் வீட்டுக் கோப்பையைப் புதிதாக வந்தவளின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் அங்கே பிரிவுபசாரம். ஒரு வீட்டில் அதில் கரண்டி சொருகியிருக்கும், ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பூ வைத்திருக்கும். மகாவின் கோப்பையில் அம்மா சேஃப்டி பின்னும் ரப்பர் பேண்டும் போட்டுவைத்திருந்தாள். பதினைந்து வருடமாக அது இடம் மாறவில்லை. எந்த அணிக்கும் கோல்கீப்பர் ஒன்றிரண்டு பேர் போதும், ஏற்கெனவே இருக்கிறவர்கள் லேசில் நகர மாட்டார்கள். மகாவைப் பார்த்த செலக்டர்கள் எல்லோரும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஷூட்டர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் வயது தாண்டி, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் வலைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் வீணாவின் கோப்பையாவது நகர வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை.

மைதானத்துக்குள் நுழையும் முன் பவுலின் மிஸ் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினாள். அறுபதை நெருங்கியும் கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

"கேர்ள்ஸ், கேளுங்க. ஃபைனல் கிடையாது இது, லீக். பாயிண்ட்ல நாமதான் மேல. டிரா ஆனாலே கப் நமக்கு. தோத்தா மண்டியாகாரங்களுக்கு. புரிஞ்சிதா? யாருக்காச்சும் அடி, வலி?"

எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். மிஸ்ஸின் கண் ஒவ்வொரு முகமாக வந்து மகாவின் முகத்தில் ஒரு நொடி நின்றது. மகா குனிந்து ஷூ நாடாவை இறுக்கினாள். காயத்தை மறைத்து ஆடிய ஒரு பெண்ணை மிஸ் ஒரு முறை கிளப்பைவிட்டே அனுப்பியிருக்கிறாள். அழுதும் பார்த்தாள் அந்தப் பெண், மிஸ் அசையவில்லை.

"சரி. போங்க மேன், போய் ஆடுங்க."

முதல் பாதியில் வீணா இரண்டு கோல் போட்டாள். இரண்டும் பக்கத்திலிருந்து, பாய்ந்து போட்டது. வழக்கமாக அவள் தூரத்திலிருந்து குதித்து எறிவாள், பந்து வலைக்குள் போன பிறகுதான் எதிர்க் கோல்கீப்பரின் கை எழும்பும். இன்று அப்படி எறிந்ததெல்லாம் கம்பத்துக்கு மேலே போய் விழுந்தது. ஒன்று, இன்னொன்று, மறுபடி ஒன்று. எல்லாமே உயரே. மறுகோடியில் தன் கோலின் முன்னால் நின்ற மகாவுக்கு முதலில் புரியவில்லை. வலியில் எறிந்தால் பந்து தாழ்வாகத்தானே போகும், இது ஏன் மேலே போகிறது என்று யோசித்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிவைத்தேன்! அவள் கட்டியது கோல்கீப்பர் கட்டு. வருகிற பந்து விரலைப் பின்னால் மடக்கிவிடக் கூடாது என்று விறைப்பாகக் கட்டுகிற கட்டு. எறிகிறவளுக்கு விரல் மடங்க வேண்டும், கடைசியாக நடுவிரல்தான் பந்தைக் கீழே அழுத்திவிட வேண்டும். பதினைந்து வருடமாகத் தடுத்தே பழகிய கை, எறிகிற கைக்கும் அதையே செய்துவிட்டது. விரலை மறைக்கிற அவசரத்தில் அது யாருடைய விரல் என்பதையே மறந்துபோனாள்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற சாக்கில் தங்கையின் காதருகே குனிந்தாள்.

"கட்டு தப்பாயிடுச்சுடி. பிரிச்சு வேற மாரி கட்டட்டா?"

"பேடாக்கா, வேணாம். மிஸ் இங்கயேதான் பாக்குறாங்க."

"பந்து மேல போவுதேடி."

"எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கினு நில்லு."

மேலே கேலரியில் உமேஷ் சார் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். நல்லதா கெட்டதா, யார் கண்டது. மகா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டாம் பாதியில் மகா ஆடிய ஆட்டத்தை ஜோகுபாளையத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். காலால் தடுத்தாள், தோளால் தடுத்தாள், ஒரு முறை முகத்தால் தடுத்தாள். தங்கை தவறவிடுகிற ஒவ்வொரு கோலுக்கும் தான் ஒன்றைத் தடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஏதோ ஒரு வெறி. ஆனாலும் மண்டியாப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள்.

அப்போதுதான் நிருபமா பந்தோடு உள்ளே பாய்ந்தாள். நிரு இந்த வருடம்தான் சேர்ந்தவள். மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற காலேஜ் பெண். இன்னும் கோப்பை இல்லாதவள் அவள் ஒருத்திதான். "வீணாக்கா, நீங்க எப்போக்கா வேலைக்குப் போவேள்? எங்காத்துல கப்புக்கு எடம் பண்ணி வெச்சாச்சு" என்று தினமும் கேலி பண்ணுவாள். பாய்ந்தவளைப் பின்னாலிருந்து ஒருத்தி பிடித்து இழுக்க, நிரு மார்பு தரையில் அடிக்க விழுந்தாள். விசில். நேரம் முடிந்தது. நடுவர் ஏழு மீட்டர் கோட்டைக் காட்டினார்.

கோலுக்கு எதிரே ஏழு மீட்டரில் நின்று, தடுக்க யாரும் இல்லாமல், கோல்கீப்பரை மட்டும் பார்த்து எறிய வேண்டும். போட்டால் டிரா, தொடர்ந்து பத்தாவது கோப்பை. விட்டால் எல்லாம் போச்சு. யார் வேண்டுமானாலும் எறியலாம். ஆனால் கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. விழுந்தவள் போடக் கூடாது. கிளப்பின் இரண்டாவது வருடத்தில் அடிபட்டு விழுந்தவளே எழுந்து போய் எறிந்து, கை நடுங்கி, கோப்பை கைநழுவியது. அன்று மிஸ் சொன்ன சொல் இன்றுவரை மாறியதில்லை. ஏழு மீட்டர் என்றால் வீணா. வீணாவே விழுந்தால்தான் வேறு ஆள்.

"வீணா!" என்றாள் மிஸ், பக்கக் கோட்டிலிருந்து.

அந்த விரலைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னால் வேறு ஒருத்தி எறிவாள், கோப்பை நிற்கலாம். ஆனால் உமேஷ் சார் கண் முன்னால், கடைசி எறியில், வீணாவை வெளியே இழுத்ததாகிவிடும். மறைத்தாள் என்று கிளப்பும் போகும். சொல்லாவிட்டால் அந்த விறைத்த விரலிலிருந்து பந்து மேலேதான் போகும். இருபது வருடத்துக் கிளப், மிஸ்ஸின் வெளுத்துப்போன தொப்பி, அம்மா, கோப்பை, எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து முட்டின. மகா தன் கோல் வட்டத்தைத் தாண்டி பெஞ்சை நோக்கிக் கொஞ்ச தூரம் ஓடினாள். மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மகா?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பி நடந்தாள். வீணா எப்படியும் போடுவாள், போட்டுத்தான் ஆக வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை. கிளப்பை நான் விற்றுவிட்டேன் என்று நினைத்தாள், என் தங்கைக்காக விற்றேன், போ.

தன் கோலுக்கு வந்ததும், எப்போதும் செய்கிற மாதிரி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். தங்கள் அணி ஏழு மீட்டர் எறியும்போது மகா பார்த்ததே இல்லை. எதிரில் நிற்கிற கோல்கீப்பரின் நிலைமையில் தன்னையே வைத்துப் பார்த்துவிடுவாள், தாங்காது. வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜானகியின் முகத்தைத்தான் பார்ப்பாள். ஜானகி முதல் எட்டுப் பேரில் ஒருத்தி, இப்போது போலீஸ். எறிந்தது கோலா இல்லையா என்று அந்த முகத்தில் தெரிந்துவிடும்.

கூட்டம் அடங்கியது. யாரோ தட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலும் நின்றது. ஜானகி மடியில் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மகா அந்த முகத்தையே பார்த்தாள். விசில் ஏன் இன்னும் வரவில்லை?

ஜானகியின் புருவம் சுருங்கியது. அவள் குழந்தையோடு மெல்ல எழுந்து நின்றாள்.

"மகா" என்றாள். "திரும்புடி."

"நான் பாக்க மாட்டேங்க்கா."

"வீணா பந்த நிரு கையில குடுத்துட்டாடி. திரும்பிப் பாரு."

மகா திரும்பினாள். ஏழு மீட்டர் கோட்டில் நிரு நின்றிருந்தாள். விழுந்த வேகத்தில் ஜெர்சியின் முன்பக்கமெல்லாம் தூசி. பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால், மற்றவர்களோடு கோட்டுக்கு வெளியே, வீணா பல்லால் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் பக்கக் கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "வீணா! விழுந்தவ போடக் கூடாது! யூ டேக் இட்! என்ன மேன் பண்றே நீ?"

வீணா மிஸ் பக்கம் திரும்பினாள். நடுவிரல் டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, வீங்கிக் கறுத்த விரலோடு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி மிஸ்ஸுக்குக் காட்டினாள். ஸ்டேடியம் பூராவும் பார்க்கிற மாதிரி காட்டினாள். மிஸ்ஸின் குரல் பாதியில் நின்றது. அவள் வீணாவின் கையைப் பார்த்தாள், பிறகு மைதானத்தின் இந்தக் கோடிக்குத் திரும்பி மகாவின் கையைப் பார்த்தாள். மற்ற விரல்களில் அதே டேப், அதே சுற்று. கேலரியில் உமேஷ் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

விசில் ஊதியது.

நிருவின் கை பின்னால் போனது. கூட்டம் முழுக்கக் கோலைப் பார்த்தது. வீணா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தூக்கிய கையை இறக்காமல், நீள மைதானத்தைத் தாண்டி அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிந்த டேப்பின் நுனி ஒன்று அவள் மணிக்கட்டில் ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. மகா தன் கையை எடுத்து, அதே மாதிரி கட்டியிருந்த நடுவிரலைப் பல்லுக்கு இடையில் வைத்து, டேப்பைக் கடித்து இழுத்தாள்.