எட்டு வருடமாகக் கட்டிலருகே நிற்கும் மன்னன்

பல் டாக்டருக்கு ரசிகர் பஞ்சமே வந்ததில்லை. நாற்காலியைச் சாய்த்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, மரத்துப்போகும் ஊசியையும் போட்டுவிட்டால், கிடப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு மறுத்துப் பேசாத ரசிகர்தானே.

அவர் ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் ஏழு பாகம். பறக்கும் மலை, பொய் சொன்னால் துருப்பிடிக்கும் வாள், மூன்று தலை உள்ள மந்திரி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருத்தமான பாட்டு அமைந்தால்தான் அது தன்னிடம் வாய் திறக்கும் என்பது அவருடைய கொள்கை. "பாட்டுதான் உயிரு, எழுத்து வெறும் உடம்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், ஒரு கையில் துளையிடும் கருவி சுழன்றுகொண்டிருக்கும்போதே.

கருவித் தட்டில் இடுக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். வருகிறவர்களிடம் முதலிலேயே விதியைச் சொல்லிவிடுவார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. பாட்டு பொருத்தமா இருந்தா வலது கையைத் தூக்குங்க." சூனியக்காரிக்கு ஐம்பது வயலின்கள் சேர்ந்து அழும் இசையைப் போட்டபோது ஒரு கணக்கு டீச்சர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். கைதட்டுவதற்கு முந்தைய நிலை என்று டாக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வரவேற்பு மேசையில் உட்காருவது அவருடைய அக்கா. ஆள் இருந்தால் "டாக்டர்" என்பாள், இல்லாவிட்டால் "டேய்".

ஒரு வியாழக்கிழமை கன்னம் வீங்கிப் பதிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். தொழில் என்ன என்று அக்கா கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்ன பதில் டாக்டரின் காதில் விழுந்தது. அன்றைக்கு முறைப்படி வரவேண்டியவர்களெல்லாம் வெளியே காத்திருக்க, பதிப்பாளர் நேரே நாற்காலிக்குப் போனார்.

கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தைய பல். வேர் வரைக்கும் சொத்தை. டாக்டர் வேரைச் சுத்தம் செய்யத் தொடங்கினார், கூடவே நாவலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பாட்டையும் தொடங்கினார். மன்னனின் பாட்டு, மகாராணியின் பாட்டு, மன்னனின் குதிரை நடக்கும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று. மூன்று தலை மந்திரிக்கு மூன்று பாட்டு ஒரே நேரத்தில் ஓடியபோது பதிப்பாளரின் கண்ணில் நீர் வந்தது.

"புரியுது சார். எனக்கும் இந்த இடத்துல அழுகை வரும்" என்றார் டாக்டர்.

தற்காலிகமாக அடைத்து முடித்ததும் பதிப்பாளர் பாதி வாயால் பேசினார். "பாட்டை விடுங்க. இந்த மாதிரி நாவலத்தான் நான் தேடிட்டிருக்கேன். நல்லா போகுது இப்போ. அடுத்த தடவை வரும்போது முதல் அஞ்சு அத்தியாயம் குடுங்க. தோல் டாக்டர் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணு இருக்காம். யார் முதல்ல குடுக்கறாங்களோ அவங்களோடதப் போடறேன்."

டாக்டர் தலையாட்டினார்.

நாவலின் உண்மை நிலவரம் இதுதான். பாத்திரங்கள் அறுபத்தொன்று. பாட்டுகள் இருநூற்றுப் பதினான்கு. கதை ஒரே ஒரு வரி: "மன்னன் படுக்கையிலிருந்து எழுந்தான்." எழுந்து எட்டு வருடமாகிறது. படுக்கையறையிலிருந்து வாசல் வரைக்கும் அவன் நடந்து போவதற்கு ஏற்ற பாட்டு இன்னும் சிக்கவில்லை. பாவம், அத்தனை வருடமும் கட்டிலருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் பதிப்பாளர் வந்தார். டாக்டர் அடைப்பை எடுத்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்று திரும்ப அடைத்துவிட்டார். அத்தியாயங்கள் தட்டச்சில் இருக்கின்றன என்றார். அதற்கடுத்த வாரமும் அதே அடைப்பு, அதே ஆறல். பல் முடிந்துவிட்டால் பதிப்பாளர் போய்விடுவார், நேராகத் தோல் டாக்டரிடம். தெரு முனையில் அந்த ஆளுடைய பெயர்ப்பலகை பளபளவென்று வேறு இருந்தது.

நான்காவது வாரம் பதிப்பாளர் படுத்தவாக்கிலேயே கேட்டார். "டாக்டர், இந்தப் பல்லு எப்பதான் முடியும்?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் வாசலில் அக்காவின் குரல் கேட்டது. "ராஜா கட்டிலை விட்டு நகர்ந்தா முடியும் சார்."

"அக்கா, நீ வெளியில இரு."

"டேய், என்னடா வெளியில இரு? நாலு வாரமா அந்த மனுஷன் ஒரு பக்கமாவே சாப்பிடறாரு. ஒரே ஒரு வரி எழுதியிருக்கான் சார். அந்த ஒரு வரிக்கு ஒன்பது பாட்டு."

ஆள் இருக்கும்போதே "டேய்" வந்துவிட்டதைக் கேட்டு டாக்டரின் காது சிவந்தது. பதிப்பாளர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டு ஆடியது.

"என் பல்லைப் பணயம் வச்சீங்களா?"

"அப்படியில்ல சார். நடக்கற பாட்டு மட்டும் கிடைச்சிட்டா..."

பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் இங்கயே இருக்கேன். எழுதுங்க. இல்லன்னா பல்லுக்கு வேற டாக்டர், நாவலுக்குத் தோல் டாக்டர்."

அக்கா ஸ்பீக்கரைப் பிடுங்கினாள். கைபேசியைப் பிடுங்கினாள். டாக்டர் சக்கர முக்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்த உடனே வாய்க்குள் ஒரு மெட்டு முனகத் தொடங்கியது. அக்கா பஞ்சுருளை இரண்டை எடுத்து அவருடைய இரண்டு கன்னத்திலும் அடக்கினாள். "இப்ப முனகு பாப்போம்."

அறையில் சத்தமே இல்லை. நோட்டில் மன்னன் கட்டிலருகே நின்றான். வயலினும் இல்லை, முரசும் இல்லை. டாக்டருக்கு வியர்த்தது. பாட்டே இல்லாத ஒருவன் காலையில் எதற்காகத்தான் எழுவான்? எதிரே நாற்காலியில் பதிப்பாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

மன்னனுக்குப் பல்வலி. அதனால்தான் எழுந்தான். மூன்று தலை மந்திரி மூன்று வைத்தியம் சொன்னான், மூன்றும் ஒன்றையொன்று கெடுத்தன. "வலியே இல்லை, போர் தொடங்கட்டும்" என்று மன்னன் சபையில் முழங்க, இடுப்பிலிருந்த வாள் எல்லோர் கண்முன்னும் துருப்பிடித்தது. எதிரி நாட்டு ராணுவம் வாசலுக்கு வந்துவிட்டது. பல்லைப் பிடுங்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த ராணுவத்தில்தான் இருந்தான்.

ஒரு மணி நேரத்தில் எட்டுப் பக்கம். டாக்டரின் விரல் மரத்துவிட்டது. பதிப்பாளர் வாங்கிப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். நான்காவதில் சிரிக்கப்போய், "ஐயோ" என்று திரும்பக் கையை வைத்தார். எட்டாவதைத் திருப்பிப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது.

"ராஜாவுக்கு எந்தப் பல்லு?"

டாக்டர் பஞ்சைத் துப்பினார். "கீழ் வரிசை. வலது பக்கம். கடைசிக்கு முந்தினது."

பதிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து படுத்தார். காகிதத் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"போடறேன். ஆனா ஏழாவது பாகம் வரைக்கும் ராஜாவோட பல்லைத் தொடாதீங்க" என்று சொல்லி வாயைத் திறந்தார். உடனே மறுபடி மூடி, "என்னோடத இன்னிக்கே முடிச்சிடுங்க" என்றார்.