தகர வேலிக்கு வெளியே ஏழு ரொட்டி

வெள்ளிக்கிழமை காலையில் குல்ஜிபா வழக்கம்போல் ஏழு ஷெல்பெக் ரொட்டிகளை எண்ணெயில் பொரித்தெடுத்தாள். எண்ணெய் வாசனை இறந்தவருக்கு, ரொட்டி உயிரோடிருப்பவர் வயிற்றுக்கு. கணவன் துர்சின் போனதிலிருந்து ஒரு வெள்ளியும் தவறியதில்லை. ஓடைக்கரைப் பாதையில், அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்த காட்டு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, போவோர் வருவோருக்குக் கொடுப்பாள். கல்லறை அல்மாட்டி நகருக்கு வெளியே இருந்தது. அங்கே துர்சின் இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

முழங்கால் அறுவைக்குப் பின் குளிர்காலம் முழுக்க அக்கம்பக்கத்தில்தான் கொடுத்தாள். இன்றுதான் மறுபடி, காலைத் தாங்கித் தாங்கி வந்தாள். பாதையின் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் பச்சைத் தகரம். அதில் அடுக்குமாடி ஒன்றின் படம். படத்திலும் ஓடை ஓடியது.

"உள்ள விட முடியாது அபா, வேலை நடக்குது" என்றான் தகரக் கதவருகே நின்ற காவலாளி, மூத்த பெண்களை அழைக்கும் மரியாதையோடு.

"கல்யாணமான நாள்லேர்ந்து நாங்க நடந்த பாதைப்பா. அந்த ஆப்பிள் மரத்தடியில கொஞ்சம் உக்காந்துட்டு வந்துடறேன்."

"போன வாரம் ஒருத்தி வந்தா. அவ நாயைப் பொதைச்ச எடமாம்!"

குல்ஜிபா துணியை அவிழ்த்தாள். இறந்தவர் ரொட்டியைத் தின்றவன் வாசலை மறிக்க மாட்டான் என்று நம்பினாள். காவலாளி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். மேஸ்திரி சபர்காலியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அவள் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

நரைத்த மீசையைத் துடைத்துக்கொண்டு சபர்காலி கேட்டார்: "யாருக்கும்மா இது?"

"எங்க வீட்டுக்காரர் துர்சினுக்கு. அந்த ஆப்பிள் மரத்தடியிலதான் போனாரு."

"அந்தக் கோணல் மரமா?" ஓர் ஆள் வாய் நிறைய ரொட்டியோடு கேட்டான். "நேத்துதானே அறுத்தோம்! ரம்பத்துல பல்லே போச்சு. உங்க வீட்டுக்காரர்தான் விடமாட்டேன்னு புடிச்சுக்கிட்டாரோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள்.

"வெறகு வேணும்னா பின்னாடி கெடக்கு அபா" என்றான் காவலாளி.

"சும்மா இருங்கடா. ரொட்டி தின்னா துவா சொல்லணும்." சபர்காலி அதட்டிவிட்டு உள்ளங்கைகளை ஏந்தினார். அழகான குரல் அவருக்கு. "துர்சினுக்கு மண்ணு மெத்தையா இருக்கட்டும். இந்தம்மா காலு நல்லா நடக்கட்டும். எங்க வேலைக்கு ஒரு தடங்கலும் வராம, கட்டடம் சீக்கிரம் எழும்பட்டும். இங்க குடிவர்றவங்க பேரன் பேத்தியோட நெலைச்சு வாழட்டும்."

பெரியவர் ஒருவர் துவா சொன்னால் கைகள் தாமாக எழுந்துவிடும். அவளுடையவையும் எழுந்திருந்தன.

"ஆமீன்" என்றாள், எல்லோரையும்விடத் தெளிவாக. துவா முடிந்த வழக்கப்படி இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்பது உறைத்தது.

"அபாவே ஆமீன் சொல்லிட்டாங்க, அப்புறமென்ன!" காவலாளி கதவை இழுத்து மூடினான்.

உள்ளே ரம்பம் கிளம்பியது. குல்ஜிபா அங்கேயே நின்றாள். ரொட்டியின் எண்ணெய் அவள் கன்னமெல்லாம் அப்பியிருந்தது.