சம்பந்தம் பேசிய அன்று வந்த பால்சட்டி

அன்று எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், காலமான என் தம்பியின் மனைவி பத்மாவதி, அவள் மகள் சுபோதினி, பெண் பார்க்க வந்த பிரசாந், அவனுடைய தாய்மாமன் சுந்தரலிங்கம். வேறு ஒருவரும் இல்லை. நேரில் பார்த்ததுபோலக் கதைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பத்மாவதிக்குச் சம்பந்தம் முடிய வேண்டும். சுபோதினிக்குத் தன் வேலை மிஞ்ச வேண்டும்.

சுந்தரலிங்கம் மூன்றாவது பற்றிஸ் பலகாரத்தை மென்றுகொண்டே கேட்டார். "பிள்ளை கப்பலில போய் என்ன செய்யிறவ?"

"கடலடி ஆராய்ச்சி, அங்கிள். மாலைதீவுக்கு அங்கால பூமியின்ர ரெண்டு பாறைத் தட்டு விலகிப் போகுது. அந்த இடத்தில புதுத் தரை உண்டாகுது."

"விலகினால் ஓட்டையெல்லோ வரும்? கடல் தண்ணி முழுக்க உள்ளுக்குப் போயிடுமே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிரசாந்தும் சிரித்தான். மாமன் நிறுத்தியதும் நிறுத்தினான். நல்ல பழக்கம்.

பெண் தேநீரைத் தட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போவதுதான் முறை. சுபோதினியோ காய்ச்சிய பாலைச் சட்டியோடு கொண்டுவந்து சுந்தரலிங்கத்தின் முன் வைத்தாள். பத்மாவதியின் முகம் வெளுத்தது. சுபோதினி இரண்டு கரண்டியால் பாலாடையை இருபுறமும் இழுத்தாள்.

"ஓட்டை இருக்கோ, பாருங்கோ. ஆடை விலக, கீழ இருந்த சூட்டுப் பால் மேல வருது. ஆறினால் அதுவும் ஆடை. அங்கயும் அடியில இருக்கிற கல் எழும்பி, உருகி வந்து, ஆறித் தரையாகுது. நகம் வளருற வேகத்தில."

"அப்ப பூமி வருசா வருசம் கொழுக்குமோ?"

"இல்லை. பழைய தரை சுமாத்திராப் பக்கம் உள்ளுக்குப் போகுது."

சட்டியின் நடுவில் மெல்லிய ஆடை படிந்தது. அவர் பார்த்தார். ஒப்புக்கொள்ளத்தான் ஆண்மை இருக்கவில்லை.

"இந்தக் கெட்டித்தனம் போதும். கலியாணத்துக்குப் பிறகு கப்பல் வேண்டாம். என்ன, பிரசாந்?"

சுபோதினி அவனைப் பார்த்தாள்.

"மாமா சொன்னால் சரிதான்" என்றான். வயது முப்பத்திரண்டு.

நான் எழுந்து கதவைத் திறந்தேன். "எங்கட பிள்ளைக்கு இது பொருந்தாது. லிஃப்ட் இடப்பக்கம்."

சுபோதினி சுடுபாலைச் சுந்தரலிங்கத்தின் மடியில் ஊற்றினாள், அவர்கள் வேண்டாமென்று எழுந்து போனார்கள் என்று காலி வீதிக் கடைகளில் ஒரு கதை உலாவுகிறது. பால் ஊற்றப்படவில்லை. வேண்டாமென்றது நாங்கள்.